மூன்று நாள் மௌன ஒடுக்கம், மண்டபம் கடற்கரை: ஒரு மதிப்புரை

மண்டபத்தை ஒட்டி, மன்னார் வளைகுடாவைப் பார்த்த பக்கத்தில், ஒரு துறவற சபை நடத்தும் சின்ன தியான இல்லம் இது. மாதம் ஒரு முறை, வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிகிற மௌன ஒடுக்கம் இங்கே நடக்கிறது. தவக்காலத்தில் பங்குக் கோவில் வளாகத்தில் பந்தல் போட்டு நடத்துகிற தியானத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் முதல் நாள் இரவே திகைப்பு வரும். மேடை, ஒலிபெருக்கி, பாட்டுக்குழு, குணமளிக்கும் செபம் எதுவும் கிடையாது. ஆளுக்கு ஓர் அறை. நாளுக்கு நான்கு முறை ஒரு மணி நேரத் தனிச் செபம். வழிகாட்டியோடு அரை மணி நேரப் பேச்சு. ஒரு திருப்பலி. மற்ற நேரமெல்லாம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். 14 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மூன்று நாளுக்கும் சேர்த்து 1,800 ரூபாய். கையில் இல்லாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுகிறார்கள், சொன்னபடியே நடந்தும்கொள்கிறார்கள்.

இல்லத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவிர, இதே முறையில் ஒடுக்கம் நடத்துகிற இல்லங்கள் வேறும் உண்டு. கீழே சொல்வதை வைத்து எந்த இல்லத்தையும் எடைபோட்டுக்கொள்ளலாம்.

கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செபத்தில் ஒன்றுமே தோன்றாத நேரத்தில் என்ன செய்வது என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிற இடம் இது. அந்த ஒன்றுக்காகவே போகலாம். கடவுளோடு ஒன்றித்தல் என்றதும் கண்ணீர், புல்லரிப்பு, நெஞ்சு நிறைந்த இனிமை என்று நம் கடற்கரைப் பங்குகளில் பலரும் எதிர்பார்க்கிறார்கள். யோவான் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்பது கிளை கொடியில் நிலைத்திருப்பதைத்தான். கிளைக்கு இனிப்பு தெரிய வேண்டும் என்று அங்கே எங்கும் சொல்லவில்லை. இந்த இல்லம் அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது.

பின்பற்றுவது, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சி முறை. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்த முறை அது. முழுப் பயிற்சி ஏறக்குறைய 30 நாள். நான்கு ‘வாரம்’ என்று பிரித்திருப்பார்கள். பாவமும் மன்னிப்பும் முதல் வாரம், இயேசுவின் பிறப்பும் பணிவாழ்வும் இரண்டாவது, பாடுகள் மூன்றாவது, உயிர்ப்பு நான்காவது. இதை மூன்று நாளுக்குள் திணிக்க முடியாது. பல இடங்களில் திணிக்கிறார்கள்: ஆதாமில் ஆரம்பித்துப் பெந்தக்கோஸ்து வரை ஒரே ஓட்டம். வந்தவர் கையில் குறிப்பேடு நிறைகிறது, செபம் நடப்பதில்லை. இங்கே வெள்ளிக்கிழமை முழுக்க மன்னிப்பு, சனிக்கிழமை முழுக்க இயேசுவைப் பின்செல்லுதல், ஞாயிறு காலை நன்றி. அவ்வளவுதான். நாளுக்கு இரண்டே விவிலியப் பகுதிகள். மூன்றாவது, நான்காவது மணிகளில் புதிய பகுதி தராமல், முந்தைய பகுதிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். முழுப் பகுதிக்கும் திரும்ப வேண்டியதில்லை. எங்கே மனம் நின்றதோ, எங்கே முரண்டு பிடித்ததோ, அந்த ஒரு வரிக்குத் திரும்பினால் போதும். முதல் தடவை வருகிறவர்கள் இதைப் பார்த்து ‘வேறு பகுதி இல்லையா சிஸ்டர்’ என்று கேட்பதுண்டு. சிஸ்டர் கொடுப்பதில்லை. நல்லது. அதிகம் தெரிந்துகொள்வதைவிட உள்ளூரச் சுவைப்பதுதான் ஆன்மாவை நிறைக்கும் என்பது இஞ்ஞாசியார் தொடக்கத்திலேயே போட்டிருக்கிற விதி.

ஒரு மணி நேரச் செபத்தை எப்படிச் செய்வது என்று வியாழன் இரவு 40 நிமிடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த ஒடுக்கத்தின் முதுகெலும்பு அதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முந்தின இரவு படுத்ததும், ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்கிற நேரம், எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்தப் பகுதியோடு செபிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு தூங்க வேண்டும். காலையில் உட்காரப்போகிற இடத்துக்கு ஓரடி ஈரடி முன்னால் நின்று, கர்த்தர் கற்பித்த ‘விண்ணுலகில் இருக்கிற’ செபம் ஒன்று சொல்கிற நேரம், ஆண்டவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைக்க வேண்டும். இந்த அரை நிமிடத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்களுக்குத்தான் முதல் 15 நிமிடம் வீணாகப் போகிறது. நேரே வசனத்துக்குள் பாய்ந்தால் அது படிப்பாகிவிடும். நின்று போனால் சந்திப்பாகும். பிறகு முழங்காலிலோ தரையிலோ நாற்காலியிலோ ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, இந்த ஒரு மணி நேரமும் உமக்கே என்று ஒப்புக்கொடுப்பது. அடுத்து, பகுதியில் வருகிற இடத்தைக் கண்முன் கொண்டுவருவது. அதற்கும் அடுத்து, இன்றைக்கு என்ன வரம் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேட்பது. மன்னிப்பு நாளில் பாவத்துக்கு வெட்கமும் துயரும். பின்செல்லுதல் நாளில் அவரை நெருங்கி அறிந்து, அதிகம் நேசித்து, கூடவே போக வரம்.

சனிக்கிழமை கொடுக்கிற பகுதி லூக்கா 5:1-11. கரையில் இரண்டு படகுகள். ஆட்கள் இறங்கி வலை அலசிக்கொண்டிருக்கிறார்கள். சீமோன் படகில் ஏறி, கொஞ்சம் தள்ளச் சொல்லி, உட்கார்ந்து பேசுகிறார் ஆண்டவர். அதன் பிறகுதான் ஆழத்துக்குப் போகச் சொல்கிறார். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறான் சீமோன். ஆனாலும் வலையை இறக்குகிறான். நம் கரைக்காரர்களுக்கு இந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவர ஒரு முயற்சியும் வேண்டாம். ஆனால் இடறுவதும் அங்கேதான். வலை அலசுகிற இடத்துக்கு வந்ததும் டீசல் கடன், தரகரிடம் வாங்கிய முன்பணம், போன வாரம் அறுந்துபோன வலை, அடுத்த வீட்டுக்காரரோடு நடந்த சண்டை என்று மனம் தொழிலுக்குப் போய்விடும். 20 நிமிடம் கழித்துத்தான் தெரியும், செபம் போய்க் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று. வழிகாட்டிகள் இங்கே சொல்லிக்கொடுப்பது: கடனைத் துரத்தாதீர்கள். அந்தக் கடனை அப்படியே படகில் உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். பராக்கு அந்த நொடியில் செபமாகிவிடுகிறது. அவரிடம் சொல்லக் கூச்சப்படுகிற விஷயமாக இருந்தால், அன்றைய செபத்தின் வேலையே அதுதான்.

கடைசி ஐந்து நிமிடம் நண்பன் நண்பனோடு பேசுவதைப் போல நேராகப் பேசுவதற்கு. கேட்க வேண்டியதைக் கேட்கலாம், குறைபடலாம், சும்மாவும் இருக்கலாம். ‘விண்ணுலகில் இருக்கிற’ சொல்லி முடித்துக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு வருகிற கால் மணி நேரத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். செபம் எப்படிப் போனது என்று திரும்பிப் பார்க்கிற நேரம் அது. உட்கார்ந்தோ மெல்ல நடந்துகொண்டோ செய்யலாம் என்பதால், இந்த இல்லத்தில் மணலில் நடக்க விடுகிறார்கள். செப மணி நேரத்தில் மட்டும் நடை கூடாது. அங்கே முழங்காலிலோ உட்கார்ந்தோ, எது உதவுகிறதோ அந்த நிலையிலேயே கடைசிவரை இருக்க வேண்டும். நடந்துவிட்டு வந்து குறிப்பேட்டில் மூன்று வரி எழுதினால் போதும். எந்த வரியில் நின்றேன், அப்போது உள்ளே என்ன நடந்தது, எங்கிருந்து ஓடினேன். வழிகாட்டியிடம் கொண்டுபோவது இந்த மூன்று வரியைத்தான். ‘நல்லா இருந்துச்சு ஃபாதர்’ என்று மட்டும் சொல்பவருக்கு எந்த வழிகாட்டியாலும் உதவ முடியாது.

உபதேசியார்கள், அன்பியம் என்கிற பங்குச் சிறு குழுக்களின் பொறுப்பாளர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் இவர்களுக்கு வேறொரு இடர் உண்டு. பகுதியை வாசித்த ஐந்தாவது நிமிடத்திலேயே உள்ளே பிரசங்கம் ஆரம்பித்துவிடும். மூன்று தலைப்பு, ஒரு எடுத்துக்காட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எப்படிச் சொல்லலாம் என்ற திட்டம். செபிக்கிறவர் அங்கே காணாமல் போய், பேச்சாளர் மட்டும் மிச்சம் இருப்பார். இவர்களுக்கு இந்த இல்லத்தில் கொடுக்கிற மருந்து, பகுதியைச் சுருக்குவது: 11 வசனத்துக்குப் பதில் ஒரே வசனம், பேனாவும் கிடையாது. கடுமையாகத் தோன்றும். வேலை செய்கிறது.

இப்போது செபத்தில் ஒன்றும் தோன்றாத வறட்சிக்கு வருகிறேன். இந்த ஒடுக்கத்தின் தரம் இங்கேதான் தெரிகிறது.

வெள்ளி மதியத்துக்குள் 14 பேரில் பலருக்கும் ஒன்றும் தோன்றாமல் போகும். இது எல்லா ஒடுக்கத்திலும் நடப்பது. அந்த நேரத்தில் பல இல்லங்களில் பாட்டுப் போடுவார்கள், ஆராதனையைக் கூட்டுவார்கள், உணர்ச்சியை எழுப்பிவிடுவார்கள். இங்கே ஒன்றும் செய்யாமல் ஒரு விதியை மட்டும் சொல்கிறார்கள்: வறட்சியில் ஒரு மணி நேரத்தைக் குறைக்கவே கூடாது, ஐந்து நிமிடம் கூட்டி இருங்கள். இது இஞ்ஞாசியார் சொன்னதே. இனிமை இருக்கும்போது முழு மணி இருப்பது எளிது. இல்லாதபோது 50 நிமிடத்தில் எழுந்துவிடத் தூண்டுதல் வரும். ஒரு தடவை அதற்கு இடம் கொடுத்தால் அடுத்த தடவை 40 நிமிடமாகும். கொஞ்சம் கூட இருந்து அந்தத் தூண்டுதலை முறித்துவிட வேண்டும்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம். வறட்சி நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானம் எதையும் மாற்றக்கூடாது. ‘எனக்கு இது சரிப்படாது, நாளைக்குக் காலை வண்டி ஏறிவிடலாம்’ என்று சனிக்கிழமை பிற்பகல் ஒரு முடிவு வரும். அது வறட்சி பேசுகிற பேச்சு. ஞாயிறு மதியம் வரை இருப்பது என்று தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானம்தான் செல்லும். செபத்தைக் கூட்டலாம், தன்னைச் சோதித்துப் பார்க்கலாம், சாப்பாட்டில் கொஞ்சம் குறைக்கலாம். தீர்மானத்தைத் தொடக்கூடாது.

வறட்சி வருவதற்கு மூன்று காரணங்களை இஞ்ஞாசியார் சொல்கிறார். நம் அசட்டை ஒன்று. சன்மானம் இல்லாமலும் நாம் நிற்கிறோமா என்று பார்ப்பது இன்னொன்று. இனிமை நம் சம்பாத்தியம் அன்று, கொடை என்று காட்டுவது மூன்றாவது. எது என்று கண்டுபிடிப்பதுதான் வழிகாட்டியின் வேலை. இங்குள்ள வழிகாட்டிகள் முதலில் கேட்பது தூக்கம், சாப்பாடு, மாத்திரை பற்றித்தான். அதன் பிறகுதான் செபத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த வரிசை சரியான வரிசை.

நெடுநாளாகச் செபிக்கிறவர்களுக்கு, மாதக்கணக்கில் நீடிக்கும் வறட்சி வேறு விதம். அதற்கு 16ஆம் நூற்றாண்டுத் துறவி புனித சிலுவை அருளப்பர் தந்த மூன்று அடையாளங்களைத் தட்டச்சு செய்து ஒரு தாளாகக் கொடுக்கிறார்கள். ஒன்று, கடவுள் காரியத்திலும் ருசி இல்லை, உலகக் காரியத்திலும் ருசி இல்லை. இரண்டு, பின்வாங்குகிறோமோ, அவருக்கு ஒழுங்காக ஊழியம் செய்யவில்லையோ என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று, முன்பு போல வசனத்தை எண்ணிப் பார்த்தோ கற்பனை செய்தோ தியானிக்க எவ்வளவு முயன்றாலும் முடிவதில்லை. மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். செபத்தில் ருசி இல்லை, ஆனால் கைப்பேசியில் இரண்டு மணி நேரம் போவது தெரியவில்லை என்றால், அது அசட்டை. எதிலும் ருசி இல்லை, ஆனால் கடவுளைப் பற்றிய கவலையும் இல்லை என்றால் உடம்பையோ மனதையோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால், கடவுள் ஆளை எண்ணத்திலிருந்து எளிய, அமைதியான அன்புப் பார்வைக்கு நகர்த்துகிறார் என்று பொருள். அந்தக் கட்டத்தில் வலிந்து தியானம் செய்வதுதான் கெடுதல். சும்மா அவர் முன் இருக்க விடவேண்டும். இதைத் தெரியாமல், ‘உங்களுக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சு’ என்று சொல்லி நல்ல ஆன்மாக்களைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் நிறைய. தன் பத்து வருடச் செபமே பொய்யோ என்று பயந்து வருகிற ஒருவருக்கு இந்த ஒரு தாள் 1,800 ரூபாய்க்கு மேல் பெறும்.

இதற்கு, அதே நூற்றாண்டுத் துறவி புனித அவிலா தெரசா சொன்ன உவமையையும் சிஸ்டர் எடுத்துக்கொள்கிறார். தோட்டத்துக்கு நான்கு விதமாகத் தண்ணீர் பாயும்: கிணற்றில் வாளியால் இறைப்பது, சக்கரம் சுற்றி ஏற்றுவது, ஆறோ வாய்க்காலோ பாய்வது, மழை பெய்வது. நான்கிலும் தண்ணீர் ஒன்றுதான். நம் உழைப்பு குறைந்துகொண்டே போகிறது. கண்மாயையும் மழையையும் நம்பி விதைக்கிற மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தெரசா அங்கே இன்னொன்றும் சொல்கிறார். இறைக்கப்போன கிணறே வற்றியிருக்கலாம். அப்போதும் போய் வாளியை இறக்கினால், தண்ணீர் இல்லாமலே பூக்களை வாடாமல் வைத்திருப்பவர் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான கடவுள். நற்குணம் அந்த வறட்சியிலேயே வளரும் என்கிறார். சிஸ்டர் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நிறுத்துகிறார். நிறுத்த வேண்டிய இடம்தான்.

வழிகாட்டிகள் இருவர், ஓர் அருட்தந்தை, ஓர் அருட்சகோதரி. ஆளுக்கு ஏழு பேர். ஏழு பேருக்கு அரை மணி வீதம் மூன்றரை மணி நேரம் ஆகிறது. இதற்கு மேல் போனால் எட்டாவது ஆளைக் கேட்க வழிகாட்டிக்குக் காது இருக்காது. 40 பேருக்கு ஒரு வழிகாட்டி என்று விளம்பரம் செய்கிற இடங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்கள் சிஸ்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம், தனி நேரம், தனி இடம். வழிகாட்டுதலோடு அதைக் கலப்பதில்லை. முக்கியமான இன்னொன்று: முடிவு எடுத்துக் கொடுப்பதில்லை. மகனைப் படிக்க வைப்பதா, படகை விற்பதா, மடத்தில் சேர்வதா என்று கேட்டால், துலாக்கோல் நடுவில் நிற்பதைப் போல நிற்கிறார்கள். கடவுள் அந்த ஆன்மாவோடு நேரடியாகப் பேசுகிற நேரத்தில் குறுக்கே நிற்கக்கூடாது என்பது ஒடுக்கம் கொடுப்பவருக்கான விதி. ‘ஆண்டவர் எனக்குக் காட்டினார், நீங்க இப்படிச் செய்யுங்க’ என்று சொல்கிற வழிகாட்டி எங்கே கிடைத்தாலும் விலகிவிடுங்கள்.

குறைகள். பிற்பகல் செபத்தை 3 மணிக்கு வைத்திருக்கிறார்கள். மீன் குழம்புச் சாப்பாடு, சித்திரை வெயில், கடல் காற்று இன்னும் சரியாக விழாத நேரம். பாதிப் பேர் தூங்குகிறார்கள். அது அவர்கள் பலவீனம் அன்று, அட்டவணையின் பிழை. 4:30க்கு மாற்றினால் தீர்ந்துவிடும். அதுவரை, 2 மணிக்கே அரை மணி நேரம் படுத்து எழுந்து, முகம் கழுவிவிட்டு, அந்த மணி நேரத்தை மட்டும் முழங்காலிலோ நின்றோ செய்வது நல்லது. அடுத்த குறை, சனி மாலை வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஒரு மணி நேர உரை வைப்பது. பேச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இரண்டு நாளாகச் சேர்ந்த மௌனம் உடைகிறது. அன்றிரவு ஆராதனையில் எல்லோர் தலையிலும் அந்த உரைதான் ஓடும். கைப்பேசியை வாங்கி வைக்காமல் ‘அணைத்து வையுங்கள்’ என்று மட்டும் சொல்வதும் போதாது. அவசரத்துக்கு அலுவலக எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு, போனை மேசையில் ஒப்படைத்துவிடுங்கள். கேட்டால் வாங்கி வைக்கிறார்கள்.

பெரிய குறை ஒன்று. ஞாயிறு மதியம் பேருந்தேறிய பிறகு தொடர்பே இல்லை. ஒரு தாளில் ‘தினமும் செபியுங்கள்’ என்று அச்சடித்துக் கொடுப்பதோடு சரி. மூன்று நாளில் ஆரம்பித்ததை வீட்டில் தொடர ஆள் வேண்டும். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் வழிகாட்டியைப் பார்க்க ஏற்பாடு இருந்தால் இந்த இல்லம் எங்கேயோ போய்விடும். இப்போதைக்கு ஒரே பங்கிலிருந்து இரண்டு பேராகப் போவது நல்லது. திரும்பி வந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அந்த மூன்று வரிக் குறிப்பை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் 20 நிமிடச் செபமும் இரவில் கால் மணி ஆன்மச் சோதனையும் போதும். ஆன்மச் சோதனையை நன்றியில் ஆரம்பிக்க வேண்டும். பிறகு ஒளி கேட்பது, நாளை மணி மணியாகப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான ஒரு தீர்மானம். பலர் நேரே பாவக்கணக்கில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் சலித்துவிடுகிறார்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் அதிகாலைச் செபம் என்று நேர்ந்துகொள்ள வேண்டாம்; கரைக்கு வந்து, குளித்து, சாப்பிடுமுன் வைத்துக்கொள்ளலாம். நேரம் ஒரே நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதிர்ச்சி வந்திருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கு ஞாயிறு காலை நல்ல பதில் தருகிறார்கள். கலாத்தியர் 5:22-23இல் உள்ள தூய ஆவியின் கனிகளை எடுத்து, பொதுவாகப் பேசாமல், ஏலக்கரையிலும் அடுப்படியிலும் வைத்துக் கேட்கிறார்கள். கூட்டாளிக்குப் பங்கு பிரிக்கும்போது கை நேராக இருக்கிறதா? மருமகள் பேசி முடிக்கும் வரை பொறுக்க முடிகிறதா? கோவில் திருவிழாக் கணக்கில் எதிர்த்துப் பேசியவரின் பெயரைச் சொல்லி அவருக்காகச் செபிக்க முடிகிறதா? தெரசா ஆன்மாவின் ஏழாம் மாளிகையை, முழு ஒன்றிப்பின் நிலையை, விவரிக்கும்போதும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்: ஓடியாடி வேலை செய்த மார்த்தாவும் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாவும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும், ஒன்றிப்பு செயலாகப் பிறக்க வேண்டும் என்கிறார். முதிர்ந்தவர்களுக்கு என்று எபிரேயர் 5:14 சொல்கிற கெட்டியான உணவு இது.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம். கட்டில், மேசை, மின்விசிறி, சிலுவை. குளிக்கிற தண்ணீரில் உப்பு; குடிநீர் தனியாக வைக்கிறார்கள். மின்சாரம் போனால் கொசு. வெள்ளிக்கிழமை சைவம், மற்ற நாள் மதியம் மீன், இரவு கஞ்சியும் துவையலும். இரவு வயிறு இலேசாக இருப்பதால் காலை 5:30 செபத்துக்குக் கண் விழிப்பது எளிது. கோவிலில் பாய்தான், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பின்வரிசையில் நாற்காலி உண்டு.

எப்போது போவது? தை, மாசி, பங்குனி சரியான காலம். ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு வியாழன் முதல் ஞாயிறு என்பது இடிக்கிறது, சனிக்கிழமை கடலுக்குப் போகிற பாடு போய்விடும். அவர்களுக்குத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. அப்போது நடத்துகிற ஒடுக்கத்துக்குக் கட்டணமே வைக்காமல் காணிக்கை உறை மட்டும் வைக்கலாம் என்பது இல்லத்தாருக்கு என் வேண்டுகோள்.

ஞாயிறு பிற்பகல் விரும்புகிறவர்களை வேனில் ஓரியூருக்கு அழைத்துப் போகிறார்கள், கூடுதலாக 250 ரூபாய். 1693 பிப்ரவரி 4 அன்று, ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம். 1647இல் லிஸ்பனில் பிறந்த அவர் இயேசு சபைத் துறவி என்பதால், இங்கே மூன்று நாள் செய்த இதே பயிற்சிகளில் வளர்ந்தவர். இறப்பதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து, கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதியவர். 1947இல் புனிதர் பட்டம். அவர் இரத்தம் சிந்திய இடத்துச் செம்மண்ணை எடுக்க வருகிற கூட்டம் பிப்ரவரித் திருவிழாவில் அலைமோதும். மற்ற மாதங்களில் அமைதி கிடைக்கும். ஒடுக்கத்தின் மௌனத்தோடேயே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் பயன் உண்டு. வேனில் ஏறியதுமே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது என்பதால், முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தை விட்டுப் புறப்படுகிற வண்டி வேதாளையைத் தாண்டித்தான் போக வேண்டும். 1549இல் அங்கே கொல்லப்பட்ட அந்தோனியோ கிரிமினாலி, இயேசு சபையின் முதல் மறைசாட்சி. வேனில் யாரும் அதைச் சொல்வதில்லை, சொல்லலாம்.

இப்போதைக்குப் போக வேண்டாதவர்களும் உண்டு. வீட்டில் சாவு நடந்து 40 நாள் ஆகாதவர்கள், தூக்கமே வராமல் தவிக்கிறவர்கள், மனநல மருந்து புதிதாக ஆரம்பித்தவர்கள் முதலில் வழிகாட்டியிடம் பேசிவிட்டு முடிவு செய்ய வேண்டும். நீண்ட மௌனம் இவர்களுக்குச் சுமையாகிவிடலாம். மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும், எந்த வாக்குறுதிக்காகவும் நிறுத்தக்கூடாது.

பதிவுக்குப் பங்குத்தந்தையின் கடிதம் கேட்கிறார்கள். ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்தால்தான் இடம் கிடைக்கிறது. கொண்டுபோக வேண்டியவை: விவிலியம், கோடு போட்ட குறிப்பேடு ஒன்று, டார்ச், கொசுவர்த்தி, சாப்பிடுகிற மருந்துகள், சத்தம் போடாத கைக்கடிகாரம். வேறு பக்திப் புத்தகம் எதுவும் வேண்டாம். எந்த இல்லத்துக்குப் போன் செய்தாலும் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நாளுக்கு எத்தனை உரை, முடிந்த பிறகு அதே வழிகாட்டியைத் திரும்பப் பார்க்க முடியுமா. மூன்றாவது கேள்விக்கு இந்த இல்லத்தில் இன்னும் பதில் இல்லை. கேட்கிறவர்கள் கூடினால் வரும்.